பூக்கார அம்மாவின் இரண்டு முழங்கால்கள்

அந்த அம்மாவுக்கு 59 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பூக் கட்டி விற்கிறார். விடியும் முன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து, சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் அதே இடம். முப்பது வருஷத்துக்கு மேல் இதே வேலை. வலது கால் எப்போதும் உள்ளே மடிந்திருக்கும், இடது கால் அதன்மேல் கிடக்கும்.

என்னிடம் வந்தது மார்கழியில். முகூர்த்தம் இல்லை, பனிக்கு மல்லிகை வரத்தும் குறைவு. "வேலை கம்மியா இருக்கிற மாசத்துலதான தம்பி காலைப் பாக்க முடியும்" என்றார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நான்கு எக்ஸ்ரே, மூன்று மருத்துவச் சீட்டு, ஒரு எண்ணெய்ப் பாட்டில், பெயர் எதுவும் ஒட்டாத பொடிப் பொட்டலங்கள். கூட வந்த மகன் உட்காரும் முன்பே கேட்டார்: "சார், ஆபரேஷன் பண்ணணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

இதை எழுத அந்த அம்மாவும் மகனும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் இயன்முறை மருத்துவர். அறுவை சிகிச்சை செய்பவன் அல்ல, ஊசி போடுபவனும் அல்ல. அதனால் என் பார்வைக்கும் ஒரு சாய்வு இருக்கும் என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பையில் இருந்த யோசனைகள்

ஆறு வருஷ வலி. அந்த ஆறு வருஷத்தில் கிடைத்த யோசனைகள் எல்லாம் அந்தப் பையில் இருந்தன. ஒரு மருத்துவர், மூட்டுக்குள் வழுவழுப்பான திரவத்தைச் செலுத்தும் ஜெல் ஊசி மூன்று போடச் சொல்லியிருந்தார், ஒரு ஊசி 9,000 ரூபாய். இன்னொரு இடத்தில் அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மூட்டுக்குள் செலுத்தும் பிஆர்பி ஊசி. மூன்றாவது சீட்டில் இரண்டு மூட்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனை எழுதிக் கொடுத்த கணக்கு, நாலரை லட்சம். பக்கத்துக் கடைக்காரரோ மூட்டு மாற்றிய தன் மாமியார் இன்னும் எழுந்து நடக்கவில்லை என்று சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்.

பெயர் இல்லாத பொட்டலம்தான் எனக்குப் பெரிய கவலை. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டதாம். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வருமாம். இப்படிச் சட்டென்று வேலை செய்யும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. பொட்டலம் சாப்பிட்ட மாதங்களில் சர்க்கரை ஏறியிருந்ததை அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளே காட்டின. உள்ளே என்ன இருந்தது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை, சந்தேகம் மட்டும்தான். ஆனால் பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எனவே அன்றே அவரைப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் மேற்பார்வையில்தான் பொட்டலம் நின்றது.

எண்ணெயைப் பற்றி அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் திட்டுவேன் என்று நினைத்திருக்கிறார். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. மூட்டு இளகும், கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காத வரை தாராளமாகச் செய்யலாம்.

பார்த்ததும் அளந்ததும்

எடை 74 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். காலையில் எழுந்ததும் விறைப்பு பத்து, பதினைந்து நிமிடம். மூட்டில் சூடு இல்லை, காய்ச்சல் இல்லை, விரல் மூட்டுகளில் வீக்கம் இல்லை. முடக்குவாதமோ கிருமித் தொற்றோ என்று சந்தேகப்பட இடமில்லை. இடுப்பு மூட்டையும் திருப்பிப் பார்த்தேன். முழங்கால் வலி என்று வருகிற சிலருக்குக் கோளாறு உண்மையில் இடுப்பில் இருக்கும். இவருக்கு அது நன்றாகவே இருந்தது.

நான்கு எக்ஸ்ரேயும் படுக்க வைத்து எடுத்தவை. நின்றுகொண்டு, உடல் பாரம் காலில் இறங்கியிருக்கும்போது எடுத்தால்தான் மூட்டு இடைவெளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். ஐந்தாவதாக ஒன்று எடுக்க வைத்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்து மூட்டு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல, 1957-இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த தர வரிசைதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதில் நான்காம் தரம்தான் மிக மோசம். அதன்படி இடது முழங்கால் இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில், வலது நான்காம் தரம். வலதின் உள்பக்கத்தில் எலும்பும் எலும்பும் ஒட்டியே இருந்தன. கால் வில்லாக வளைந்திருந்தது. வலது முழங்காலை முழுவதும் நீட்ட முடியவில்லை, 15 டிகிரி குறைந்தது. இடதில் 5 டிகிரி.

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினேன். ஆறு. அறுபதைத் தொடும் பெண்ணுக்கு 12 தடவையாவது வர வேண்டும். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டதற்கு வலதுக்கு 8, இடதுக்கு 5 என்றார்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 1.3. பார்த்தால் சின்ன எண்தான், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அவருடைய வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 47 தான் வருகிறது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, வாரத்தில் நாலைந்து நாள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டிருக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், அதன்மேல் இந்த மாத்திரை. மூன்றும் சிறுநீரகத்தைத் தாக்குபவை. முழங்காலைக் காப்பாற்றப் போய் சிறுநீரகத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொது மருத்துவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கொடுத்தார். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் தடவுவது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு.

எதை முதலில், எதைக் கடைசியில்

மகனுடைய கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை. அம்மாவிடம் வேறு ஒன்று கேட்டேன்: "வலி கொஞ்சம் குறைஞ்சா முதல்ல என்ன செய்யணும்னு ஆசை?"

யோசித்துச் சொன்னார். டவுன் பஸ்ஸின் முதல் படியில் யாரும் கை கொடுக்காமல் ஏற வேண்டும். ராத்திரி வலது கால் எழுப்பாமல் தூங்க வேண்டும். மூன்றாவது, தரையில் உட்கார்ந்து பூக் கட்ட வேண்டும்.

முதல் இரண்டும் நியாயமான இலக்குகள். மூன்றாவதைப் பற்றி அன்றே உண்மையைச் சொன்னேன். மூட்டை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இனி சம்மணம் வேண்டாம். அந்த அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இதை முன்கூட்டியே சொல்லாமல் அறுவைக்கு அனுப்பிவிட்டு, பிறகு "கீழே உட்காரக் கூடாது" என்பது பெரிய அநியாயம்.

அப்புறம் பையில் இருந்த ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தோம். இதனால் எவ்வளவு பலன்? என்ன கெடுதல்? சரிவரவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

ஜெல் ஊசி: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறும் உப்பு நீர் ஊசியைவிட அது தரும் கூடுதல் பலன் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதாக இல்லை. பிஆர்பி: 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு வருஷம் கழித்து பிஆர்பி போட்டவர்களுக்கும் உப்பு நீர் போட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. ஜெல் ஊசி மூன்றுக்கு மட்டும் 27,000 ரூபாய், அது இந்த அம்மாவுக்கு இரண்டு மாத வருமானம். இந்த இரண்டு ஊசியிலும் பணத்தைப் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஸ்டீராய்டு ஊசி கொஞ்சம் வேறு. வலி உச்சத்தில் இருக்கும்போது சில வாரம் நிவாரணம் தரும். ஆனால் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியில் ஆதாயம் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரையும் ஏறும். ஒரு நெருக்கடிக்குக் கையில் வைத்துக்கொள்ளலாம், வழக்கமாக்கக் கூடாது.

துளை போட்டு மூட்டைக் கழுவிவிடலாமே என்று மகன் கேட்டார். அதற்கு 2002-இலேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரைப் பிரித்து, சிலருக்கு உண்மையாகவே மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தையல் போட்டார்கள். இரண்டு வருஷம் வரை பார்த்ததில் இரு தரப்புக்கும் ஒரே பலன்.

மிஞ்சியவை இரண்டு. உடற்பயிற்சியோடு எடைக் குறைப்பு ஒன்று, மூட்டு மாற்று இன்னொன்று. இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு டென்மார்க்கிலிருந்து 2015-இல் வந்தது. மூட்டு மாற்றத் தகுதியுள்ள 100 பேர். பாதிப்பேருக்கு மூட்டை மாற்றி, அதற்குப் பின் 12 வாரம் உடற்பயிற்சி, உணவு ஆலோசனை எல்லாம். மறு பாதிக்கு அறுவை இல்லாமல் அதே 12 வாரம். ஒரு வருஷத்தில் இரு தரப்பும் முன்னேறின. மூட்டு மாற்றியவர்கள் அதிகமாகவே முன்னேறினார்கள். ஆனால் கடுமையான பாதகங்கள் அந்தப் பக்கம் 24, இந்தப் பக்கம் 6. அறுவை இல்லாத 50 பேரில் 13 பேர் அந்த வருஷத்துக்குள் மூட்டை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அப்போதைக்குத் தேவைப்படவில்லை.

இதைச் சொன்னதும் மகன், "அப்ப ஆபரேஷன்தான சார் நல்லது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பலன் என்று பார்த்தால் அறுவை பெரியது. ஆனால் வெட்டி எடுத்த மூட்டைத் திரும்ப வைக்க முடியாது. மாற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீண்டகால வலி மிஞ்சுகிறது. உடற்பயிற்சி கைகொடுக்காவிட்டாலும் மூன்று மாதம் போகும், அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்தில் ஏறிய தசைபலம் பின்னால் அறுவைக்குப் போனாலும் கூட வரும். எனவே திரும்பி வரக்கூடிய வழியை முதலில் போவோம் என்று முடிவானது. இரண்டு காலுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தச் சீட்டில் இரண்டு மூட்டையும் ஒன்றாகவே கணக்குப் போட்டிருந்ததால் இது யாருக்கும் தோன்றவே இல்லை.

பன்னிரண்டு வாரம்

முதல் தடை ஒரு சொல். "ஜவ்வு தேய்ஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க, இன்னும் ஆட்டுனா மிச்சமும் தேயாதா தம்பி?" தேய்மானம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கேட்பவர் மனதில் செருப்புத் தேய்வதுபோல ஒரு படம் விழுந்துவிடுகிறது, காலை அசைக்கவே பயப்படுகிறார். உயிருள்ள மூட்டு செருப்பு இல்லை. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடுவித்து, அழுத்தி விடுவித்து நடக்கும்போதுதான் அதற்குச் சத்து போய்ச் சேருகிறது. இதை அவருக்கு ஈரத்துணியைப் பிழிந்து காட்டி விளக்கினேன். இப்போதெல்லாம் நான் "மூட்டு வாதம்" என்றோ "மூட்டு பலவீனம்" என்றோதான் சொல்கிறேன்.

சாக்கு போய் உயரமான பெயிண்ட் வாளி வந்தது. கவிழ்த்துப் போட்டு மேலே ஒரு பழைய தலையணை. பூக்கூடையையும் ஒரு பழப்பெட்டியின் மேல் ஏற்றினோம். முதல் வாரம் வாடிக்கையாளர்கள் விசாரித்தார்கள், அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் கழிப்பறைக்கு, நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி.

பயிற்சிக்கு நேரம் இல்லை என்றார், அது உண்மையும்கூட. அதனால் வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைத்தோம். வாளியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையின் முன்தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூக் கட்ட வேண்டும். பத்து முடிச்சு வரை ஒரு கால், அடுத்த பத்து முடிச்சுக்கு மறு கால். ஒவ்வொரு முழம் அளந்து கொடுத்ததும் ஒருமுறை எழுந்து உட்கார வேண்டும். வாழை நாரும் பூவும் இருக்கும் இடத்தில் கடிகாரம் தேவைப்படவில்லை. இரவில் குதிகாலுக்குக் கீழே டவலைச் சுருட்டி வைத்து வலது காலை நீட்டிப் பழகுவது தனி.

நான் ஒரு தவறு செய்தேன். இடது கால் வேகமாகத் தேறுவதைப் பார்த்து, மூன்றாம் வாரமே படி ஏறும் பயிற்சியை இரண்டு காலுக்கும் கொடுத்துவிட்டேன். வலது மூட்டு வீங்கி, நாலு நாள் அவர் கடை போட முடியவில்லை. அந்த நாலு நாள் வருமானம் என்னால் போனது, அதை அவரிடம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம். பயிற்சியின்போது வலி பத்துக்கு 4 வரை போகலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

பேருந்துப் படிக்கும் ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முந்தி, இறங்கும்போது வலிக்கிற கால் முந்தி. வலது முழங்காலுக்குக் கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அவரும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

எடையில் மூன்றரை கிலோ குறைந்தது. ராத்திரி சோற்றைப் பாதியாக்கியது, டீக்குச் சர்க்கரையை விட்டது, அவ்வளவுதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அடிக்கு 14 கிலோ. மார்க்கெட்டிலிருந்து அவர் தூக்கி வரும் பூக்கூடையைவிட அது கனம்.

பங்குனியில் மறுபடி அளந்தோம். எழுந்து உட்காருவது 6-இலிருந்து 11. இடது வலி 5-இலிருந்து 2. வலது 8-இலிருந்து 6. பஸ் படியில் தானே ஏறினார். ராத்திரித் தூக்கம் மட்டும் சரியாகவில்லை.

வலது கால்

அடுத்த ஆறு மாதம் இடது கால் அப்படியே நின்றது. வலது மெல்ல மெல்லப் பின்வாங்கியது. புரட்டாசியில் ராத்திரிக்கு மூன்று முறை எழுப்புகிறது என்றார். வளைவும் கூடியிருந்தது. பயிற்சி தவறவில்லை, எடையும் ஏறவில்லை. தகுந்த அளவு முயன்றும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வளைந்துகொண்டே போகும் கால், நான்காம் தரம். வலது மூட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நானே சொன்னேன். பயிற்சி தோற்றுவிட்டதா என்று மகன் கேட்டார். இல்லை. ஒரு காலைக் காப்பாற்றியது, இன்னொரு காலை அறுவைக்குத் தயார் செய்தது.

தனியார் இடத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்வதாகச் சொன்னதை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஒரே மயக்கம், ஒரே படுக்கை, செலவும் மிச்சம். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், குறைந்த சிறுநீரகம் உள்ளவருக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்வது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் சுமை, ரத்தக்கட்டு அபாயமும் அதிகம். வலி 2 உள்ள ஒரு மூட்டை எதற்கு வெட்ட வேண்டும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பதிந்தார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்சவிலை வைத்தது. வழக்கமான கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், அதற்கு முன் அது சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. மூட்டு விலையே தெரியாமல் மொத்தக் கணக்கைக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய. எந்த மருத்துவமனையானாலும் மூட்டுக்குத் தனி விலை கேட்டு வாங்குங்கள்.

ஆயுத பூஜை வியாபாரம் முடியட்டும் என்று காத்திருந்தார். அந்த வாரங்கள் வீணாகவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.4 இருந்ததை 7.1-க்குக் கொண்டுவந்தார்கள், சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். புது மூட்டில் கிருமி புகுந்தால் அதைப்போல் துன்பம் வேறில்லை.

கார்த்திகையில் அறுவை. மறுநாளே வாக்கர் பிடித்து நின்றார். முதல் மூன்று வாரம் கடுமையான வலி, அதை யாரும் மறைக்கக் கூடாது. "தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்று ஒருநாள் அழுதார். வீட்டுக்கு வந்தபின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார், இடையிடையே நானும் போனேன். எட்டாவது வாரம் வாளியில் உட்கார்ந்து கடை போட்டார்.

ஒரு வருஷம் கழித்து வலதில் வலி 1. தழும்புக்கு வெளிப்பக்கம் இன்னும் மரத்துக் கிடக்கிறது, மண்டியிட்டால் கூசுகிறது. கால் நேராகிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்குகிறார். இடதில் வலி 3, ஜெல்லும் பத்து முடிச்சுப் பயிற்சியும் தொடர்கின்றன. அதற்குப் புது எக்ஸ்ரே எடுக்கவில்லை, எடுத்தாலும் இப்போதைக்கு எதுவும் மாறப்போவதில்லை.

போன வாரம் அந்த நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். டவுன் பஸ் வந்தது. கூடையை முதலில் உள்ளே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏறும்போது நல்ல கால் முந்தின்னு சொன்னீங்களே தம்பி, இப்ப எது நல்ல கால்?"

வலது காலை எடுத்து வைத்து ஏறினார்.